பட்டியலும் பழகியவர் சொல்லும்

இலண்டனின் 'டைம்ஸ்' உயர்கல்வி இதழ் 2004 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில், மலாயாப் பல்கலைக்கழகம் 89 ஆம் இடத்தைப் பெற்றது. உலகின் முதல் நூறனுள் ஒன்று என முழங்கும் பதாகைகள் எழுந்தன. மறு ஆண்டே அவ்விடம் 169 ஆகச் சரிந்தது. ஓராண்டுக்குள் விரிவுரையாளர்கள் கற்றதை மறந்தனரா? நூலகம் சுருங்கிற்றா? அவ்வாறு ஏதும் நிகழவில்லை. முதற்கணக்கில் மலேசியச் சீனரும் இந்தியரும் வெளிநாட்டவராகச் சேர்க்கப்பட்டிருந்தனர். அப்பிழை திருந்தியதே சரிவுக்குப் பெருங்காரணம். இம்மண்ணில் பிறந்து, இந்நாட்டுப் பள்ளியிலேயே பயின்ற தமிழ்ப்பிள்ளையை அயலவராக எண்ணியதால் கிட்டிய புகழ் அது! நகைப்பதா, நோவதா என்பதைப் படிப்போரே முடிவு செய்துகொள்ளட்டும்.

1996 ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பின்னர், மாணவரை ஈர்க்கும் போட்டி மிகுந்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள், மண்டபங்களில் கல்விக் கண்காட்சிகள், வழவழப்பான கையேடுகள். அக்கையேடுகளில் மழை பெய்வதில்லை. மாணவர் எவரும் முகம் வாடுவதில்லை.

ஆனால், விடுமுறைக்குத் தோட்டத்திற்குத் திரும்பும் மூத்த மாணவி ஒருத்தியைச் சூழ்ந்து அமரும் தம்பி தங்கையர் கேட்பவை வேறு. விடுதியில் முதலாண்டுக்குப் பின்னும் இடம் கிடைக்குமா? கடன் பணம் கைக்கு வரும்வரை உணவுக்கு என்ன வழி? ஐயம் கேட்டால் விரிவுரையாளர் முகஞ்சுளிப்பாரா? இவற்றுக்கு அவள் தரும் விடைகள் எந்தப் பதாகையிலும் இடம்பெறா. தாய் தந்தையர் அவள் சொல்லை நம்புவதும் இயல்பே. நாளையும் அதே தெருவில் அவர்களை எதிர்கொள்ள வேண்டியவள் அல்லவா அவள்?

எனினும், வாய்மொழியையும் ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். கணக்கியல் பயின்றவரின் நிறைவு பொறியியல் துறைக்குச் சான்றாகாது. பத்தாண்டுக்கு முன் கண்ட குறை இன்று களையப்பட்டிருக்கலாம். நண்பன் சேர்ந்தான் என்பதற்காகவே தனக்கு ஒவ்வாத துறையில் சேர்ந்து தவிப்பவரும் உளர். இவற்றினும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. புதிய மாணவரைச் சேர்த்துவிடும் பழைய மாணவருக்குக் கட்டணச் சலுகையோ அன்பளிப்போ வழங்கும் வழக்கம் சில தனியார் கல்லூரிகளில் உள்ளது. அந்நிலையில் அவர் சொல் நட்பின் சொல்லா, தரகரின் சொல்லா?

ஐந்தாம் ஆறாம் படிவத் தமிழ் மாணவர்க்கு ஆசிரியர் இங்கேதான் துணைநிற்க இயலும். பாராட்டுவோரிடம், 'எந்த ஆண்டு, எந்தத் துறை, சலுகை ஏதும் உண்டா?' எனக் கேட்கப் பழக்கலாம். படிப்பை இடையில் நிறுத்தியவரிடமும் ஒரு சொல் கேட்டுவரச் செய்யலாம். அவர்களை எவரும் கண்காட்சிக்கு அழைப்பதில்லை. பாடத்திற்கு உரிய அங்கீகாரம் உண்டா என்பதை மட்டும் எவர் வாய்மொழியாலும் முடிவு செய்யலாகாது. மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் நேரே பார்த்தல் வேண்டும். பி.டி.பி.டி.என். கடனில் பயில்பவர், படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய பணத்தைத் திருப்பிச் செலுத்தியே ஆகவேண்டும்.