மூன்றாம் வரியையும் பார்

பேரனின் ஆரம்பப் பள்ளிக் கணக்கில் இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று வருகிறது. இடப்பக்கம் உள்ளீடு, வலப்பக்கம் வெளியீடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். 2 போட்டால் 4. "ரெண்டைக் கூட்டணும் தாத்தா" என்கிறான். கூட்டலாம்தான். இரண்டால் பெருக்கினாலும் 4. அதே எண்ணால் பெருக்கினாலும் 4. அடுத்த வரியில் 3க்கு நேரே 9 இருந்ததால் முதல் இரண்டும் கழன்றுகொண்டன.

என் வயதுக்காரர்கள் இப்படியொரு அட்டவணையோடு மல்லுக்கட்டியவர்கள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தது. 16 அணா ரூபாய் 100 பைசா ரூபாய் ஆயிற்று. வத்தலக்குண்டு கடைத்தெருவில் அன்று எல்லார் வாயிலும் இந்த மாற்றுக் கணக்குதான். ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12. ஆறால் பெருக்கினால் போதும் என்றுதானே தோன்றும்? மூன்றணாவுக்கு 19. நாலணாவுக்கு 25.

விஷயம் இதுதான். நூறைப் பதினாறால் வகுத்தால் ஓரணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. ஆகவே கிட்டத்தில் இருக்கும் முழுப் பைசாவை எடுத்துக்கொண்டார்கள். சரிபாதியில் நின்றால் கீழே இறக்கினார்கள். பன்னிரண்டரை 12 ஆனது, பதினெட்டேமுக்கால் 19 ஆனது. ஓரணா வெற்றிலையை ஆறு பைசாவுக்குக் கொடுத்தவர் பதினாறு பேருக்கு விற்றால் கல்லாவில் 96தான் சேரும். பழைய கணக்கில் அது முழு ரூபாய். மீதி நாலு பைசாவைச் சில கடைக்காரர்கள் வெற்றிலையில் பிடித்துக்கொண்டார்கள். அந்த விதி எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை!

மனிதர்கள் விஷயத்தில் நாம் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறோம். ஐந்நூறு கைமாத்து கொடுத்தேன், சொன்ன தேதியில் வந்தது. ஆயிரம் கொடுத்தேன், அதுவும் வந்தது என்று மூன்றாம் தடவை லட்சத்தை எடுத்து நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரியும் சின்னத் தொகைக்குத்தான் சாட்சி. இதையாவது நாலு பேர் எச்சரிப்பார்கள். புது மாப்பிள்ளை இரண்டு விருந்தில் முகங்கொடுத்துப் பேசவில்லை என்றால் போதும், 'தலைக்கனம் பிடித்தவன்' என்று முடித்துவிடுவார்கள். அது கூச்சமாக இருக்கலாம் என்று எச்சரிக்க ஒருவரும் வரமாட்டார்கள். கூச்சமும் தலைக்கனமும் முதல் இரண்டு வரியில் ஒரே விடையைத்தான் தரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே எண்ணைப் போட்டு இரண்டு விதமான விடை வந்தால், நாம் எழுதாமல் விட்ட பத்தி ஒன்று இருக்கிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் ஒரு கிலோ மல்லிகை சாதாரண நாளில் ஒரு விலை, முகூர்த்த நாளில் வேறு விலை. எடையை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு விலையைக் கணிக்க முடியாது. தேதிக்கும் ஒரு பத்தி வேண்டும். நேற்று இதே சொல்லுக்குச் சிரித்த மருமகள் இன்று முறைக்கிறாள் என்று யாராவது என்னிடம் புலம்பினால், இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததா என்றுதான் முதலில் கேட்பேன்.