தொண்ணூறு நாட்கள்

2007 பிப்ரவரியில் அம்மா எங்களிடம் வந்தபோது, சிகாகோ விமான நிலையத்தில் ஆறு மாதம் தங்கலாம் என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். நாங்கள் அப்போது இருந்தது அயோவா மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். விதை நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஊருக்கு ஒரே அறுவை மருத்துவர். மே மாதத் தொடக்கத்தில் ஓரிரவு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது அவரிடம்தான் ஓடினோம். பித்தப்பையில் கல், எடுத்துவிட வேண்டும் என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, தன்னால் எடுக்க இயலாது என்றும் சொன்னார். அவர் ராணுவத்தின் ரிசர்வ் படையிலும் மருத்துவர். பத்து நாளில் ஈராக்குக்குக் கிளம்ப வேண்டும். அறுத்துவிட்டுப் பின்கவனிப்புக்கு ஆளில்லாமல் விட்டுப்போவது முறையல்ல என்றார்.

சுவர் நாட்காட்டியை எடுத்து மேசைமேல் விரித்து இருவரும் கணக்குப் போட்டோம். அவருக்குத் தொண்ணூறு நாட்கள். ஆனால் அது ஈராக்கில் காலடி வைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். முன்னால் பயிற்சி முகாமும் பின்னால் விடுவிப்புச் சடங்குகளும் தனி. ஆக, செப்டம்பர் நடு. அம்மாவின் முத்திரையோ ஆகஸ்டில் முடிகிறது. இரண்டு அரசாங்க விதிகள் அம்மாவின் பித்தப்பையில் வந்து மோதிக்கொண்டன. கடைசியில் எண்பது மைல் தள்ளி ஒரு நகரத்தில், பெயர்கூட எங்களுக்குச் சரியாக உச்சரிக்க வராத ஒருவர் அறுத்தார். நன்றாகத்தான் அறுத்தார். ஆனாலும் அந்தக் கோடை முழுவதும் எனக்கு ராணுவத்தின் மீது ஒரு கோபம் இருந்தது. ஊரில் ஒருவரே இருக்கும்போது அவரையும் கொண்டுபோவானேன்?

பிறகு படித்தபோது தெரிந்தது, அந்தத் தொண்ணூறு நாட்களே எங்களைப் போன்ற ஊர்களை நினைத்து வந்த சலுகைதான் என்று. 1991 வளைகுடாப் போருக்கு நீண்ட காலம் அழைக்கப்பட்ட ரிசர்வ் மருத்துவர்கள் பலர் திரும்பிவந்து பார்த்தபோது நோயாளிகள் வேறிடம் போயிருந்தார்கள்; மருத்துவமனைக் கடன் மட்டும் காத்திருந்தது. பலர் படையை விட்டே விலகினார்கள். ஈராக் போரில் அதே தவறு நேராதிருக்கத்தான் ரிசர்வ் மருத்துவர், பல்மருத்துவர், மயக்க மருந்து தரும் செவிலியர் ஆகியோருக்குத் தொண்ணூறு நாள் வரையறை. ஆள் அவ்வளவு குறைவு. அதுல் கவாண்டே 2004-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அமெரிக்கத் தரைப்படையில் முழுநேரப் பொது அறுவை மருத்துவர்கள் சுமார் 120 பேர், ரிசர்வில் 200 பேர் என்று கணக்குச் சொல்கிறார். அந்தக் கைப்பிடி மனிதர்களை வைத்துக்கொண்டுதான், வியட்நாமில் காயம்பட்டோரில் 24 விழுக்காடாக இருந்த இறப்பைப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைத்திருந்தார்கள்.

மற்றவர்களுக்கு இந்த வரையறை கிடையாது. சாதாரணச் செவிலியருக்கும், மெடிக் என்று அழைக்கப்படும் மருத்துவ உதவி வீரனுக்கும், அவர்கள் சேர்ந்திருக்கும் படைப்பிரிவின் காலமே காலம். தரைப்படைக்கு அது ஓராண்டாக இருந்தது. 2007 ஏப்ரல் 11 அன்று பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் அதைப் பதினைந்து மாதமாக்கினார், ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கும் சேர்த்து. ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' நாவலை வாசித்தவர்களுக்கு, வீடு திரும்பத் தேவையான பறப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் அந்தக் கர்னல் நினைவுக்கு வரக்கூடும். எனக்கு வந்தார். ஆனால் சிரிப்பு வரவில்லை.

அக்டோபரில் என் கையில் ஒரு கட்டியைக் காட்டப் போயிருந்தேன். மருத்துவர் இளைத்திருந்தார். அதே நாட்காட்டி மீண்டும் சுவரில் தொங்கியது. அன்றைய தேதி வரை ஒவ்வொரு நாளும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. அங்கே பழகிய பழக்கம் விடவில்லை போலிருக்கிறது என்றேன். கட்டியை அழுத்திப் பார்த்தபடியே சொன்னார்: "இது என்னுடைய கணக்கு இல்லை."

பாக்தாதில் அவருடைய அறுவை அரங்கில் இருபத்திரண்டு வயது மெடிக் ஒருவன் இருந்திருக்கிறான். 2006 செப்டம்பரில் அங்கே போனவன். இவர் ஜூனில் போய் நின்றபோது, குண்டுவெடிப்பில் சிதைந்த தொடையில் எங்கே கையை வைத்து அழுத்த வேண்டும் என்பதை இவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். இருபது வருட அனுபவம் பித்தப்பைக்கும் குடலிறக்கத்துக்கும்தான் உதவியது என்றார். கை பழக இரண்டு மாதம் ஆனது. பழகிய கை மூன்றாம் மாதம் ஊர் திரும்பிவிட்டது. இவருக்கு அடுத்து வந்த மருத்துவருக்கு அந்தப் பையன் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பான்.

பழைய விதிப்படி அவனும் இவரோடு செப்டம்பரிலேயே கிளம்பியிருக்க வேண்டியவன். "அவனுக்கு அவர்கள் கூடுதலாகப் போட்டது மூன்று மாதம். எனக்கு மொத்தமுமே மூன்று மாதம்தான்" என்றார் மருத்துவர். விமானதளத்துக்குப் புறப்பட்ட அன்று பையன் பையைத் தூக்கி வண்டியில் வைத்திருக்கிறான். கேலியாகக்கூட ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லியிருக்கலாம் என்றார்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவர் போனது அநியாயம் என்று கோடை முழுக்கப் பொருமியவன் நான். அவர் சீக்கிரம் திரும்பியதும் ஒருவனுக்கு அநியாயமாக இருந்திருக்கிறது. 2008 ஆகஸ்ட் 1 முதல் புறப்படுகிறவர்களுக்கு மறுபடியும் பன்னிரண்டு மாதம் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் போனவர்களுக்கு அது பொருந்தவில்லை.

அன்றிரவு கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். டாக்டர் நல்லபடியாக வந்துவிட்டதில் அவளுக்கு நிம்மதி. பிறகு சிறிது நேரம் பேச்சில்லை.

"தம்பி, மூணு மாசம் கூடிப்போச்சுன்னு அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அதையும் மருத்துவர் சொல்லியிருந்தார். அவள்தான் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டுப் பையனுக்குச் சொன்னாளாம். அவன் நம்பவில்லையாம்.