இரணைதீவில் இறங்கிய படகுகள்

முழங்காவிலை அடுத்த இரணைமாதாநகரிலிருந்து இரணைதீவுக்குப் படகில்தான் போகவேண்டும். கரையை நெருங்கும்போது இடிந்த வீடுகளும் மாதா கோவிலும் தெரிந்தன. 1992இல் இடம்பெயர்ந்த இம்மக்களை, 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் கடற்படை இங்கே குடியேற விடவில்லை.

2017 மே 1இல் இரணைமாதாநகரில் தொடர் போராட்டம் ஆரம்பமானது. முன்னின்றவர்கள் பெண்கள். கரையோரம் கடலட்டை பொறுக்கிச் சீவித்தவர்களுக்குத் தீவை இழந்தது தொழிலை இழந்ததுதான்.

சமூகவியல் படித்த எனக்கு, கூட்டுச் செயற்பாடு எப்படிப் பலன் தருகிறது என்பது இங்கே நன்கு விளங்கியது. கோரிக்கை ஒன்றே: ஊருக்குப் போகவேண்டும். குருமார், சட்டத்தரணிகள், ஊடகவியலாளர், தெற்கிலிருந்து வந்த செயற்பாட்டாளர் எனப் பலரும் துணைநின்றார்கள். முடிவெடுத்தவர்கள் ஊர்மக்கள். 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் எல்லோருமாகத் தீவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே அவர்கள் அங்கு தங்க அரசு சம்மதித்தது.

அத்தோடு வேலை முடியவில்லை. வீடு, பாடசாலை, வைத்தியம் என ஒவ்வொன்றுக்கும் மறுபடி கூடவேண்டியிருந்தது.

தோழியரே, உங்கள் மாதர் சங்கத்துக்கு உதவி நிறுவனமொன்று வரும்போது, உங்கள் தேவையை நீங்களே முதலில் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். யார் எதைச் செய்வது என்பதை அதன்பின் அவர்களோடு பேசிப் பிரித்துக்கொள்ளலாம்.