பதினேழு கொண்டை ஊசிகள்

1928-ம் வருஷம் போடிநாயக்கனூருக்கு வந்த ரயில், பாதையை அகலமாக்குவதற்காக 2010-ம் வருஷக் கடைசியில் நின்று போய், 2023 ஜூன் மாதத்தில்தான் திரும்பி வந்தது. அந்த ரயிலில் ஏறிப் பார்த்துவிடுவது என்று சென்ற புரட்டாசியில் குடும்பத்துடன் கிளம்பினோம். ரயில் ஒரு சாக்குதான். பார்க்க ஆசைப்பட்டது மலையை.

மறுநாள் இருட்டோடு மோட்டாரில் புறப்பட்டோம். அந்நேரத்தில் பாதை காலியாக இருக்கும் என்பது என் யோசனை. ஊரைத் தாண்டுவதற்குள் அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. முன்னும் பின்னும் ஜீப்புகள்! அவற்றில் மடியில் தூக்குச் சட்டியுடன் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள், ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள்.

முந்தலில் பாதை பிரிகிறது. ஒரு கிளை குரங்கணிக்குப் போகிறது. அந்தப் பக்கத்து மலையுச்சியான டாப் ஸ்டேஷன் வரை மூணாற்றுத் தேயிலை சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது.

நாங்கள் போடிமெட்டுப் பாதையில் ஏறினோம். சுமார் 20 கிலோ மீட்டரில் 17 கொண்டை ஊசி வளைவுகள்! "என் தலையில்கூட இத்தனை ஊசி கிடையாது" என்றாள் என் மனைவி. பையன் ஒவ்வொன்றாக உரக்க எண்ணினான். பத்தாவது வளைவில் பொழுது விடிந்தது. இறங்கிப் பார்த்தோம். அடடா! காலடியில் மேகம், மேகத்துக்குக் கீழே தென்னந்தோப்பும் வயலுமாகச் சமவெளி. ஜீப்புகள் நிற்காமல் எங்களைக் கடந்து போயின.

4,000 அடிக்கு மேலே இருக்கும் போடிமெட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. தேநீர் அருந்திவிட்டுப் பூப்பாறைப் பக்கம் சென்றோம். பெருமரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு ஏலச் செடிகள். இலைகளுக்கிடையே அண்ணாந்து காயைத் தேடினேன்.

"மேலே பார்த்தா எப்படிங்க ஐயா? குனிஞ்சு பாருங்க" என்று ஒரு குரல் சிரித்தது.

செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் பூவும் காயும் இருந்தன. அந்த அம்மாள் குந்தியபடியே முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தாள். இப்படிப் பறித்த பச்சைக் காய் ஏறக்குறைய 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ தேறும். அப்புறம் அது போடிக்கோ புத்தடிக்கோ போய், நறுமணப் பொருள் வாரியத்தின் கம்ப்யூட்டர் முன் ஏலத்துக்கு வரும். ஏலக்காய்க்கும் ஏலம்!

"தினமும் அந்த அழகான பாதையில் வருகிறீர்களே, கொடுத்து வைத்தவர்கள்" என்றேன்.

"எங்கேங்க! வரும்போது இருட்டு. போகும்போது அசதியிலே கண்ணு சொருகிடும். எட்டிப் பார்த்து எத்தனை வருஷமோ!"

மாலையில் திரும்பும்போது அதே பத்தாவது வளைவில் நின்றோம். சமவெளி முழுவதும் பொன் வெயில். எதிரே லாரி ஏறி வந்ததால் எங்கள் அருகே ஒரு ஜீப் ஒதுங்கி நின்றது. உள்ளே அந்த அம்மாள், பக்கத்துப் பெண்ணின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் காட்டலாம் என்று வாயெடுத்தேன்.

என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், தூங்கட்டும்" என்றாள்.