29சி வருமா?

சென்னையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எல்லாரிடமும் ஏற்கனவே ஒரு ஆப் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற ஆள். "தம்பி, 29சி போயிடுச்சா?" என்று கேட்டுப்பாருங்கள். "இப்பதான் ஒண்ணு போச்சுக்கா, செம கூட்டம். அடுத்தது லேட்டாகும். அவசரம்னா அடையாறு வரைக்கும் வேற எதுலயாச்சும் போயி மாறிக்கோங்க." போன பஸ், கூட்டம், கணிப்பு, மாற்று வழி, நாலும் ஒரே பதிலில். பேருந்துப் பயணிகளுக்கான செயலி ஒன்றை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தபோது, போட்டியாளர்கள் பட்டியலில் முதலில் எழுதியது இந்தப் பக்கத்து ஆளைத்தான்.

அவரிடம் "ஜெமினி போகுமா?" என்று கேட்கலாம். அந்த ஸ்டுடியோ என்றோ போய்விட்டது, மேம்பாலத்தின் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனாலும் அவருக்குப் புரியும். செயலிக்குப் புரியாது. உலகம் முழுக்கப் பேருந்துத் தகவல்கள் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவத்தில்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்துக் கழகமும் கூகுளும் சேர்ந்து ஆரம்பித்தது. உள்ளே இருப்பதெல்லாம் சாதாரண அட்டவணைகள்: நிறுத்தம், வழித்தடம், நேரம். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பெயர் என்பது அதன் கணக்கு. பாரிஸ், பாரிமுனை, பிராட்வே என்று ஜனங்கள் மாற்றி மாற்றிச் சொல்வதை நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். ழகரத்தை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டுவார்கள். அதையும் சேர்த்தோம்.

அடுத்தது ரோட்டின் இரண்டு பக்கம். எதிரெதிரே ரெண்டு ஸ்டாப், ஒரே பெயர். நடுவில் இருபது முப்பது மீட்டர். கட்டடங்களுக்கு நடுவே போனின் ஜிபிஎஸ் அதைவிட அதிகமாகத் தடுமாறும். வரைபடத்தில் நீலப் புள்ளியைப் பார்த்து நம்பி நின்றால், எதிர்ப்பக்கம் உங்கள் பஸ் ஜம்மென்று போகும். அதனால் ஸ்டாப் பெயருக்குக் கீழேயே "பெசன்ட் நகர் போகும் பக்கம்" என்று எழுதினோம். வரைபடம் செய்யாததை நாலு வார்த்தை செய்தது.

எழுதுவதிலும் சிக்கல். திரைகள் முதலில் ஆங்கிலத்தில் வரையப்பட்டு, பிறகு தமிழ் உள்ளே ஊற்றப்படும். "கட்டணமில்லாப் பேருந்து" என்பது பட்டனுக்குள் அடங்காமல் "கட்டண…" என்று நிற்கும். அர்த்தமே தலைகீழ். தமிழில் முதலில் வரைந்தால் ஆங்கிலம் தானாக அடங்கிவிடும் என்பதைப் புரியவைக்க ரெண்டு மீட்டிங் ஆயிற்று.

அந்த பட்டன் விளையாட்டு விஷயம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. "அடுத்த பஸ் 3 நிமிடத்தில்" என்று திரை சொல்கிறது, வருவதோ டீலக்ஸ். வீட்டுவேலை முடித்துத் திரும்புகிற அக்காவுக்கு அது வராத பஸ்தான். அவர் ஒயிட் போர்டுக்குத்தான் காத்திருக்கிறார். எங்கள் முதல் வரைவில் பஸ் வகை, மூன்றாவது தட்டலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை பையில் இருப்பவருக்கு மூன்றாவது தட்டல் என்று ஒன்றே கிடையாது. வகையை வழித்தட எண்ணுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தோம்.

பெரிய சண்டை நேரத்தைப் பற்றி. பஸ்ஸில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி சில நேரம் பேசாமல் போய்விடும். அப்போது என்ன காட்டுவது? கால அட்டவணையில் இருப்பதை எடுத்து "5 நிமிடம்" என்று போட்டுவிடலாம், திரை அழகாக இருக்கும் என்றார்கள். "தெரியலைன்னு காட்டினா யூசர் ஆப்பை அழிச்சிடுவாங்க" என்றார் மேலாளர்.

சியாட்டிலில் 2008இல் ஆரம்பித்த ஒன்பஸ்அவே செயலியை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பஸ் எங்கே என்று தெரியாமல் நிற்பவர்களுக்குக் காத்திருப்பு உண்மையைவிட நீளமாகத் தெரிகிறது. தெரிந்தவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை. அதைத்தான் மேலாளரும் மேற்கோள் காட்டினார், எண் ஏதாவது இருக்கட்டும் என்று. நான் அதையே திருப்பிச் சொன்னேன். அந்த நிம்மதி எண்ணால் வருவதில்லை, எண் நிஜமாக இருப்பதால் வருகிறது. ராத்திரி பத்தரைக்கு ஸ்டாப்பில் தனியாக நிற்கும் ஒரு பெண், ஷேர் ஆட்டோ பிடிப்பதா, இன்னும் அஞ்சு நிமிஷம் நிற்பதா என்று அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு பண்ணுகிறாள். அவள் நிற்கிறாள். பஸ் வரவில்லை. அதற்குள் ஆட்டோவும் போய்விட்டது.

பாதி ஜெயித்தேன். பச்சையில் நிஜ நேரம், சாம்பல் நிறத்தில் அட்டவணை நேரம், கூடவே சின்ன எழுத்தில் ஒரு வரி: "கடைசியாகத் தெரிந்தது 9 நிமிடம் முன்பு." எழுத்தைப் பெரிதாக்க இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஆளும் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்கிறார்: "தெரியலக்கா, நானும் அதுக்குத்தான் நிக்கிறேன்."