மீண்ட இடாப்பு

மலர்க்குழுவினர் கல்லூரி நினைவொன்றை எழுதித் தருமாறு பணித்தபொழுது, விளையாட்டு மைதானத்தைப் பற்றி எழுதவே எண்ணினேன். ஆயின் சில மாதங்களாக என் மனத்தை நிறைத்திருப்பது ஒரு பழைய கணனியே ஆதலின், அதனையே எழுதுகின்றேன்.

1995 ஒக்ரோபரில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது எமது கல்லூரியின் சேர்விடாப்புகளும் காணாமற் போயின. எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர், ஓய்வுபெற்றபின் 2003 இல் ஒரு கணனி வாங்கி, வீடு வீடாகச் சென்று கேட்டும் தம் நினைவைத் துணைக்கொண்டும் அவ்விடாப்பை ஆண்டாண்டாகத் தட்டச்சிற் பொறித்து வந்தார். அதற்கொரு பிரதி கேட்க நான் பலமுறை எண்ணியதுண்டு, கேட்டதில்லை. அன்னார் 2014 இல் சிவபதமடைந்தார்.

இம்மலருக்காக அக்கணனியை இயக்கச் சென்றேன். உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்றோர் ஓசை. திரையில் ஒன்றும் எழவில்லை. மீண்டும் மீண்டும் இயக்கினேன். எத்துணைப் பேதைமை! கோப்புகள் தங்கும் வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல, வாசிக்கும் முனை தூசியினும் மிகச் சிறிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கின்றது. முனை பழுதுற்றால் ஒவ்வோர் இயக்கமும் எஞ்சியதையும் சுரண்டிவிடக்கூடும். திருத்துநர் ஒருவர் ‘போர்மற்’ செய்து தருவதாகச் சொன்னார். உறவினர் ஒருவரோ குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுக்கச் சொன்னார். ஈரம் படிந்து அடியோடு கெட்டிருக்கும், நல்லவேளை, கேளாதிருந்தேன்.

பின்னர் இளைய பழைய மாணவர் ஒருவர் வந்தார். “ஐயா, இனி இதை ஒருக்காலும் போடாதேங்கோ” என்பதே அவர் முதற்சொல். வன்தட்டைக் கழற்றித் தம் கணனியில் இணைத்து, ‘டிடிறெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருளை ஏவினார். காயமுற்ற தட்டில் எதையும் திருத்தலாகாது. முதலில் அதனை முழுமையாகப் பிரதிசெய்து, பிரதியிலேயே திருத்தவேண்டும் என்றார். அம்மென்பொருள் எளிதில் வாசிக்கக்கூடியவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, இடர்ப்பட்ட இடங்களைக் குறித்துவைத்துப் பின்னர் சிறு சிறு துண்டாக அவற்றிடம் திரும்புகின்றது. பரீட்சையில் தெரிந்த வினாக்களை முதலில் எழுது என்று எம் ஆசிரியர் ஓயாது சொன்ன முறையும் இதுவன்றோ! இடையில் இருமுறை மின்சாரம் நின்றது. குறிப்பு இருந்தமையால் விட்ட இடத்திலிருந்தே வேலை தொடர்ந்தது.

20 ஜிகாபைற்றுத் தட்டு. 512 பைற்றுக் கொண்ட துண்டுகளாக எண்ணினால் ஏறக்குறைய 390 இலட்சம். ஐந்து நாட்களில் 61 துண்டுகள் தவிர யாவும் வந்தன. இடாப்பைத் திறந்தோம். பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலே தெரிந்தது. என் நெஞ்சு நின்றுவிட்டது. இளைஞர் சிரித்தார். ஆசிரியர் பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தார். அதனை இட்டவுடன் பெயர்கள் வரிசையாக எழுந்து நின்றன. 1958, ஆறாம் வகுப்பு. என் பெயரும் அருகே ஒரு குறிப்பும்: ‘வீட்டுக்கணக்குச் செய்வதில்லை.’

வாராத துண்டுகளுள் மூன்று இடாப்பினுள்ளே அமைந்துவிட்டன. அங்கே வெற்றிடமே உண்டு. ஓரெழுத்துக்கு ஒரு பைற்றாகக் கணக்கிட்டால் எழுபது பெயர்கள் வரை இருக்கலாம். அவை 1964 இல் எட்டாம் வகுப்பிற் பயின்றோருடையவை. அவ்வகுப்பினர் தம் பெயரையும் அருகிலிருந்தவர் பெயரையும் எழுதிச் சங்கத்திற்கு அனுப்புவாராக. இடாப்பின் பிரதிகள் இப்போது மூன்று வீடுகளில் உள்ளன.