இல்லை என்று எழுதுதல்

முதுகலையில் என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர், அமெரிக்க வங்கிகளுக்குக் காகித வேலை செய்து கொடுக்கும் சென்னை அலுவலகம் ஒன்றில் இரவுப் பணியில் இருக்கிறார். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவர், "பதினாறு கேள்வி ஐயா. ஒண்ணுக்கு 'இல்லை'ன்னு எழுதணும், பதிமூணுக்குப் பதிலே எழுத வேண்டாம். அதைச் சரிபார்க்கத்தான் ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னது டி-1 என்னும் படிவம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி பொதுமக்களுக்குக் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும்போது, பத்திரம் வாங்கியவர்களின் நலனைக் காக்க ஒரு வங்கியையோ டிரஸ்ட் நிறுவனத்தையோ அமர்த்த வேண்டும். அந்நிறுவனம் தனக்கு அத்தகுதி உண்டென்று பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதித் தரும் வாக்குமூலமே டி-1. ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் சிலவற்றைப் படித்தேன். சுவாரஸ்யமான வாசிப்பு என்று சொல்ல மாட்டேன்.

என்னை நிறுத்தியது 'டிரஸ்டி' என்னும் சொல். கோயில் நிர்வாகத்தில் புழங்கும் 'அறங்காவலர்' என்றே நாம் அதைத் தமிழாக்குகிறோம். அறமும் காவலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் 1920களின் அமெரிக்கக் கடன் ஒப்பந்தங்களில் இவ்விரண்டையும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கம்பெனி தவணை தவறினாலும், பத்திரதாரர்களில் குறிப்பிட்ட விழுக்காட்டினர் ஒன்றுகூடி எழுதிக் கேட்டு, செலவுக்கும் ஈடு கொடுத்தாலொழிய காவலர் எதையும் கவனிக்கக் கடமைப்பட்டவரல்லர் என்ற வாசகங்கள் சாதாரணமாக இருந்தன. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பத்திரதாரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. இதற்கு மேல், காவல் இருந்த வங்கியே அக்கம்பெனிக்குத் தனியாகக் கடனும் கொடுத்திருக்கும். கம்பெனி சரியப்போகிறது என்று முதலில் மோப்பம் பிடிப்பதும், தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வதும் அதுவே.

பெருமந்தத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. சேஸ் நேஷனல் வங்கிமேல் ஹஸார்ட் என்பவர் தொடுத்த வழக்கில், 1936இல் நியூயார்க் நீதிமன்றம் இத்தகைய காவலைக் கடிந்துகொண்டது. ஆயினும் ஒப்பந்தத்தின் விலக்கு வாசகங்கள் வங்கியைக் காப்பாற்றிவிட்டன. அதே ஆண்டில் வில்லியம் டக்ளஸ் தலைமையில் ஆணையம் நடத்திய ஆய்வின் அறிக்கையும் வந்தது. விளைவு, 1939ஆம் ஆண்டின் டிரஸ்ட் இண்டென்ச்சர் சட்டம். தவணை தவறிய பின், விவேகமுள்ள மனிதன் தன் சொந்தக் காரியத்தில் காட்டும் அக்கறையைக் காவலர் காட்ட வேண்டும் என்று அது விதித்தது. காவல் நிறுவனத்துக்கு ஒன்றரை லட்சம் டாலராவது மூலதனமும் உபரியும் வேண்டும் என்றது. அந்தத் தொகை இன்றும் மாறவில்லை!

1990 திருத்தம்தான் எனக்கு உறுத்துகிறது. அதற்கு முன், சட்டம் பட்டியலிட்ட முரண்பட்ட நலன் இருந்தாலே காவலர் விலக வேண்டும். திருத்தத்துக்குப் பின், தவணை தவறிய பிறகுதான் அக்கேள்வி எழும். அப்போது தொண்ணூறு நாளுக்குள் முரண்பாட்டை நீக்க வேண்டும் அல்லது விலக வேண்டும். கடன் கொடுத்தவரும் முரண்பட்டவரே என்று சேர்த்தது இதே திருத்தம்தான். அதையும் சொல்லியாக வேண்டும். என் மாணவர் மூன்று முதல் பதினைந்து வரை வெற்றாக விடுவதற்குக் காரணம், கம்பெனி இன்னும் தவறவில்லை என்பது. நிர்வாக வசதிக்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் வீட்டில் திருடு போன பிறகு காவல்காரனிடம் நீ யாருடைய ஆள் என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இதைச் சொல்ல எனக்கு அவ்வளவு யோக்கியதை உண்டா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு பருவத்திலும் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு தாளில் கையெழுத்திடுகிறேன்: இத்தேர்வை எழுதுவோரில் என் நெருங்கிய உறவினர் எவரும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், கையெழுத்திட்ட மூன்றாம் நாள், மதிய உணவின்போதுதான் அண்ணன் மகள் அதே தாளை எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. தாள்களில் பெயர் கிடையாது, மாற்று எண் மட்டுமே. எந்தக் கையெழுத்தையும் நான் அடையாளம் காணவில்லை. பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார், போய்த் திருத்துங்க" என்றார். திருத்தினேன். ஆனால் மிச்சமிருந்த இரண்டு நாளும், சற்றுச் சாய்ந்த எழுத்தில் எந்தத் தாள் வந்தாலும் மதிப்பெண் போடக் கை தயங்கியது; ஒன்றிரண்டுக்குக் குறைத்தே போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பிள்ளைகள் யார் பிள்ளைகளோ.

கேள்வி அந்தத் தாளில் தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் படிக்காமல் 'இல்லை' என்றேன்.

புறப்படும்போது மாணவர், இரண்டாம் கேள்வியிலுள்ள 'அஃபிலியேட்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டார். 'சார்ந்தவர்' என்றேன். 'சார்பு' என்றால் ஒருபக்கச் சாய்வும் அல்லவா, குழப்பாதா என்றார். இரண்டும் இருக்கட்டும் என்றேன். அவருக்கு எட்டரைக்குப் பணி. பேருந்தைப் பிடிக்க ஓடினார்.